மூன்று மணிக் குளியல்

என் புருஷன் நடேசனுக்கு இடுப்பில் டிஸ்க் விலகி ஐந்து மாதமாகிறது. பொறுக்கிற சூட்டில் தினமும் இரண்டு பக்கெட் வெந்நீர் ஊற்றிக் குளிக்கவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதுகிறவருக்கு என்ன, வைக்கிறவள் நான்.

பிள்ளைப்பாக்கத்தில் சுப்பிரமணி வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். முதலில் கேஸில் வைத்தேன். சிலிண்டர் வழக்கமாக வரும் நாளில் பாதியிலேயே தீர்ந்துபோனது. ஹீட்டர் ராடு வாங்கினேன். சுப்பிரமணி சப் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, வூட்டுக்குள்ள மிஷின் கிஷின் ஓட்றியா?" என்றார். யூனிட்டுக்கு அவர் வைத்ததுதான் விலை. ராடைத் துடைத்துப் பரணில் போட்டேன். பக்கத்துப் போர்ஷன் வேல்விழி, "குன்றத்தூர்ல எங்கக்கா வூட்ல சோலார் கீது. ஒரு தபா போட்டா கரண்டே வாணாம்" என்றாள். மொட்டைமாடி சுப்பிரமணியுடையது. நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் சோலாரைத் தலையில் தூக்கிக்கொண்டா போவேன்?

கடைசியில் கட்டைக்கு வந்தேன். கம்பெனிகளுக்குச் சாமான் வந்திறங்கும் பெட்டிப் பலகைகளை உடைத்து ஒருவன் மூட்டையாக விற்கிறான். மலிவுதான், ஆனால் பெயிண்ட் அடித்த பலகை. அந்தப் புகையில் கண் எரிந்து, வேலைக்குப் போய் லைனில் நின்றால் சிவப்பு ஒயர் எது, ஆரஞ்சு ஒயர் எது என்றே தெரிவதில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை திட்டிவிட்டான்.

ஆமாம், எனக்கு ஒரகடத்தில் ஒயர் கம்பெனியில் வேலை, காலை ஷிப்ட். நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் அவர் ஐந்து மணிக்குக் குளிக்க முடியும். குளித்துவிட்டு எங்கே போகிறார் என்றால், எங்கேயும் இல்லை. ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர், அந்த நேரத்துக்கே குளித்துப் பழகியவர். உடம்பு சரியானதும் கூப்பிடுகிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவைத்திருக்கிறான். தலைவாரி, சட்டை மாட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அவர் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று போகும்வரை பார்ப்பார். உள்ளேயிருந்து யாராவது கையாட்டினால் இவரும் ஆட்டுவார்.

பங்குனியில் ஒரு லீவு நாள், மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன். கை வெந்துபோனது. மாடியில் இருக்கும் கறுப்பு டேங்க் காலையிலிருந்து வெயில் குடித்துக்கொண்டிருக்கிறது. வெயில் காலம் வந்தால் எல்லோரும் திட்டுகிற தண்ணீர்தான் இது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் கட்டைக்கு அலைந்தேன் என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"இனிமே மூணு மணிக்குக் குளிங்க. டேங்க் தண்ணி கொதிக்குது. கேஸ் வாணாம், கரண்டு வாணாம், கட்டையும் வாணாம்" என்றேன்.

"மூணு மணிக்கு வூட்ல குளிக்கிறவன் யாரு, கனகம்?"

"இடுப்பு வலிக்கிறவன்."

"வேலையில்லாதவன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கோபம் வந்தால் எனக்கு நீங்க போய் நீ வந்துவிடும். "உன் கவுரவத்துக்கு நான் புகை குடிக்கணுமா? எனக்குக் கண்ணு போனா என் வேலையும் போவும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே வாசல்ல குந்திக்கினு பஸ்ஸுக்குக் கையாட்டலாம்."

அவர் இரண்டு நாள் குளிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணி சூடாத்தான் கீது, இடுப்புக்கு நல்லா கீது" என்றார். அப்பாடா என்று இருந்தது. மீதிக் கட்டையை வேல்விழிக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நாலரைக்குத் தானாகவே முழிப்பு வந்தது. கட்டை அடுப்பு மூட்டும் வேலை இல்லை. டீ போட்டேன், சோறு கட்டினேன். ஐந்து மணியாயிற்று, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனிதர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முனையில் அவர் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தூக்கம் இல்லை, கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். "எழுந்திருங்க. கேஸ்லயே வெந்நீர் வெச்சுத் தரேன், சிலிண்டர் போனா போவுது."

"வாணாம் கனகம்" என்றார். "நீ கெளம்பு. நான் எங்க போவணும்?"