எல்லாருக்கும் இருக்காத ஓட்டை

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு எரிந்தால் மாத்திரை இருக்கிறது. சகலையைப் பார்த்து எரிந்தால் மாத்திரை கிடையாது. மூத்த மாப்பிள்ளை ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்தார்.

அவரும் இளைய மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். ஒரே மருத்துவக் கல்லூரியில் அனாடமி வாத்தியார்கள். மூத்தவர்தான் நாலு பேரிடம் சொல்லி இளையவரை உள்ளே கொண்டுவந்தார். சொன்ன வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மண்டையோட்டுப் பாடம் காலம் காலமாக அவருடையது. மண்டையோட்டில் எந்த ஓட்டை வழியாக எந்த நரம்பு வருகிறது, எது வழியாக எந்த ரத்தக்குழாய் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பிள்ளைகள் ‘மண்டை சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தால் கோபப்படுவதுபோல் நடிப்பார், உள்ளே உச்சி குளிர்ந்துபோகும். இந்த வருஷம் துறைத் தலைவர் அந்தப் பாடத்தைத் தூக்கி இளையவரிடம் கொடுத்துவிட்டார். பாடத்தோடு பெயரும் போய்விட்டது. வராந்தாவில் “டேய், மண்டை சார் வர்றாரு” என்று குரல் கேட்டது. இவர் முகத்தை விறைப்பாக்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் சகலை வந்துகொண்டிருக்கிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த வகுப்பில் அவருடைய மகளும் இருந்தாள்.

“அம்மா, கண்ணுக்குக் கீழே இங்க அழுத்திப் பாரேன்,” என்றாள் மகள், சாப்பிடும் நேரத்தில். “உள்ள எலும்புல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியாத்தான் கன்னத்துக்கு நரம்பு வருது. சித்தப்பா எங்க எல்லாரையும் அவங்கவங்க மூஞ்சியில தொட்டுப் பாக்கச் சொன்னாரு.”

மனைவி எச்சில் கையை விட்டு மறுகையால் அழுத்திப் பார்த்தாள். “அட, ஆமாடி, சுருக்குன்னுது! இத்தன வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன், எனக்கு யாரும் சொல்லலையே!”

“எலும்பைப் பாத்துப் படிக்கணும். மூஞ்சியத் தடவியா படிப்பாங்க?” என்றார் அவர்.

“ரெண்டும் பண்ணணும்னு சித்தப்பா சொன்னாருப்பா.”

சித்தப்பா! வீட்டில் அப்பன் ஒருவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சந்தேகம் வந்தால் இவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வேறு வருகிறது. பாடத்தில் என்ன சிரிப்பு? அவளாக வந்து கேட்கட்டும், ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொட்டித் தள்ளிவிடலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை.

பாடம் முடிந்ததும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். நான் நடத்துகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் மேல் அக்கறை என்று துறைத் தலைவர் நினைத்தார். அக்கறையாவது ஒன்றாவது! சகலையின் மூக்கை உடைக்க வேண்டும், அதுவும் மகள் கண்ணெதிரே உடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முந்தின நாள் எலும்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மண்டையோடுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். முதுகுத் தண்டுவடம் இறங்குகிற பெரிய ஓட்டை, தாடைக்கு நரம்பு போகிற நீள்வட்ட ஓட்டை எல்லாம் எவனுக்கும் தெரியும். அவர் தேடியது வேறு. நீள்வட்ட ஓட்டைக்குச் சற்று முன்னால், உள்பக்கமாக, ஊசி நுழைகிற அளவில் ஒன்று. சிலருக்கு இருக்கும், பலருக்கு இருக்காது. புத்தகத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தால் அதிகம். அது இருக்கிற மண்டையோடு ஒன்று கிடைத்ததும் சிவப்புக் கம்பியை அதில் நுழைத்தார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

காலையில் தேர்வுக் கூடத்து மேஜைமேல் அந்த மண்டையோடு கவிழ்ந்து கிடந்தது. வகுப்பெடுத்தவர் என்ற முறையில் சகலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“கம்பி எது வழியா போகுது?”

முதலில் வந்த கண்ணாடிக்காரன் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எல்லாருக்கும் இருக்காத ஓட்டை சார் இது.”

குருட்டாம்போக்கில் அடித்திருப்பான் என்று அவர் நினைத்தார். அடுத்தவளும் அதையே சொன்னாள். கேள்வி கசிந்திருக்குமோ என்றால், முடித்தவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் போனார்கள். தாடையில் இடது எது வலது எது என்றே தெரியாத ஒருத்தன் வந்தான். அவனும் டாண் என்று சொன்னான். சகலை இவரைப் பார்த்துச் சிரித்தார். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் வந்து நின்றாள். கம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“எல்லாருக்கும் இருக்காது சார். மண்டைக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயை வெளிய இருக்கிறதோட இது சேத்துவிடும். வெளிய முகத்துல சீழ் வெச்சா, கிருமி இது வழியா உள்ள போயிடலாம். அதனால சின்னதுதானேன்னு விட்டுடக் கூடாது.”

“இதையும் உங்க சித்தப்பாதான் கண்டுபிடிச்சாரா?”

குரலில் இருந்த குத்தல் அவளுக்குப் புரியவில்லை. “இல்ல சார். அவருக்கு இது தெரியவே தெரியாதாம். இங்க சேந்த புதுசுல நீங்கதான் ஒரு மண்டையோட்டை வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, ஒரு சாயங்காலம் பூரா உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்களாம். அப்படிச் சொல்லித் தர்ற ஆளை நான் பாத்ததே இல்லன்னு வகுப்புலயே சொன்னாரு.”

அப்படி ஒரு சாயங்காலம் நடந்தது உண்மைதான். அவருக்கே மறந்துபோயிருந்தது. ஜன்னலோரம் பார்த்தார். சகலை கூச்சத்தில் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமைப்படக்கூட இனி இந்த ஆள் இடம் வைக்கவில்லையே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

“சரி, நீ போகலாம்.”

அவள் போகவில்லை. மேஜைமேல் குனிந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ‘சார்’ காணாமல் போயிருந்தது.

“அவருக்கு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு ஏம்ப்பா ஒருநாள்கூடச் சொல்லிக் குடுக்கல? வகுப்புல அவரு அதைச் சொன்னதுலேர்ந்து, சித்தப்பாவைப் பாத்தாலே எனக்குப் பொறாமையா இருக்குப்பா.”

மூத்த மாப்பிள்ளை மண்டையோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான்.