எண்பத்தொன்பதாம் இலக்கத்தின் ஸலாம்

நஸ்லியா ஸலாம் சொன்னால், கண்ணாடித் தகடுகளில் ஒட்டியிருக்கும் முஸ்லிம்களின் சதைத் துணுக்குகள் பதில் ஸலாம் சொல்லும். பெற்றோல் வரிசைக் காலத்தில் அவள் கண்டி, கட்டுகஸ்தோட்டை வீதி ஆய்வுகூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித் தகட்டில் ஒட்டுவது அவள் வேலை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது பழக்கம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. உடம்பை விட்டுப் பிரிந்தால் மட்டும் கடமை இல்லையென்று ஆகிவிடுமா என்ன! மற்றவர்களின் சதை மரியாதையாகச் சும்மா இருக்கும். முதல் வாரம் சிலர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெற்றோல் வரிசைக்கே நேரம் போதவில்லை.

மறு வருடம் ஜூன் மாதத்துத் திங்கட்கிழமையொன்றில், அறிக்கை போய் முடிந்த தகடுகளை அலுமாரியில் அடுக்கும்போது வழக்கம்போல ஸலாம் சொன்னாள். மடுல்கெல்லத் தோட்டத்துப் பள்ளிக்கூட ரீச்சர் டொரதியின் பெயர் ஒட்டிய தகடு, கரகரத்த குரலில் "வஅலைக்கும் ஸலாம்" என்றது. தெல்தெனியவில் துணிக்கடை வைத்திருக்கும் உம்மு குல்சுமின் பெயர் ஒட்டிய தகடோ வாயே திறக்கவில்லை. நஸ்லியா இரண்டு பெயர்களையும் மறுபடி வாசித்தாள். டொரதிக்கு மார்பில் புற்றுநோய், உம்மு குல்சுமுக்கு வெறும் கொழுப்புக் கட்டி என்று அறிக்கை போயிருந்தது. வெள்ளிக்கிழமை டொரதியின் மார்பை எடுக்கப்போகிறார்கள். ஒருவேளை ரீச்சர் இஸ்லாத்துக்கு வந்தவளோ என்ற நப்பாசையில் போன் எடுத்து மெல்ல விசாரித்தாள். அழுது அடைத்த குரலில் டொரதி சொன்னாள்: "நாங்க பரம்பரையா வேதக்காரவங்க மிஸ், சேர்ச்சுக்குப் போறவங்க. ஏன், சாமியாரக் கூட்டிட்டு வரணுமா?"

டொக்டர் எஸ்ரன்தான் அங்கே தகடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து நோயைச் சொல்பவர். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய அறிக்கை ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. தகடு பேசியதை அவர் மறுக்கவில்லை, தினமும் காதால் கேட்பவர்தானே. "ஸலாம் சொன்னத ரிப்போட்ல எழுத ஏலாது மிஸ். பிழை எங்கன்னு காட்டுங்க," என்றார். நஸ்லியா பதிவேடுகளையெல்லாம் புரட்டித் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில், தகடுகளை அடுக்கிக் கொடுக்கும் சின்னத் தட்டை மேசையில் திருப்பி வைத்தபோது பளிச்சென்று விளங்கியது. டொக்டர் அறிக்கை எழுதிய அன்றைக்கு அதில் இருந்தவை இரண்டே தகடுகள். டொரதியுடையது அறுபத்தெட்டு (68), உம்மு குல்சுமுடையது எண்பத்தொன்பது (89). தட்டைத் தலைகீழாக வைத்தால் அது இதாகிறது, இது அதாகிறது. டொக்டரிடம் போகும்போது தகட்டில் பென்சில் இலக்கம் மட்டும்தான்; அவர் வாசித்த இலக்கத்துக்கே பிறகு பெயர் ஒட்டுவார்கள். பென்சில் எழுத்தும் தட்டை வைத்த கையும் அவளுடையவை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருத்திக்கு மார்பும் மற்றவளுக்கு உயிரும் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"பிழை என்ட, டொக்டர். தட்டத் தலகீழா வெச்சது நான்தான்."

டொக்டர் தட்டைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். "நீங்க தலகீழா வெச்சீங்க. நான் தலகீழாவே வாசிச்சேன்," என்றவர், மெழுகுக் கட்டிகளைப் புதிதாகச் சீவச் சொல்லிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, தம் முதலாவது திருத்த அறிக்கையில் கையெழுத்திட்டார். இரண்டு பெண்களுக்கும் தாமே போன் எடுத்து மன்னிப்பும் கேட்டார். நஸ்லியாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டொரதியின் புருஷன் லோரன்ஸ் அன்றைக்கே தோட்டத்து லயவரிசை வீட்டு வாசலில் முழுச் சரம் பட்டாசைக் கொளுத்தினான். சம்பளம் கூடிவிட்டதென்று நினைத்துத் தோட்டமே கைதட்டியது. விசயம் தெரிந்தபின் இன்னும் பலமாகத் தட்டியது. உம்மு குல்சுமின் கட்டி பயறளவுதான் இருந்தது. வெட்டியெடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி முன்னிலும் சுருட்டையாக முளைத்தது, கடையையும் திறந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து உம்மு குல்சும், நோய் முற்றாக இல்லையென்ற அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் சதையைப் பார்க்கவேண்டுமென்று ஆய்வுகூடத்துக்கு வந்து நின்றாள். நஸ்லியா எண்பத்தொன்பதை எடுத்துக் கொடுத்தாள். உம்மு குல்சும் ஸலாம் சொன்னாள்; அது கரகரவென்று பதில் சொன்னது.

"பாவம், எனக்குச் சொகமில்லாத நேரம் எடுத்தது தானே, சொகமானது இதுக்குத் தெரியாது," என்று தகட்டைத் தடவிக் கொடுத்தவள், குனிந்து அதனிடமே சொன்னாள்: "பயப்படாத. நான் நல்லா ஈக்கிறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றது தகடு. நஸ்லியா அதை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் அலுமாரியைப் பூட்டினாள்.