வெர்னா கொடுத்த அச்சு

துப்பாக்கி சுடும் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஹார்லன் தன் அச்சைக் கெடுத்துக்கொண்டான். சுட்டதும் தோட்டாக்கூடு உப்பிப்போகும். அதை எஃகு அச்சுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி வெடிமருந்து நிரப்பலாம். அமுக்குவதற்கு முன் கூட்டில் எண்ணெய் தடவ வேண்டும். முப்பது வருஷமாகச் சுடுகிற மகராசன் அதைப் போய் மறந்தான். கூடு உள்ளே சிக்கி, இழுத்த இழுப்பில் விளிம்பு பிய்ந்து வந்துவிட்டது.

நேராகப் பெண்டாட்டியின் மேசைக்கு வந்தான்.

"வெர்னா, உன் அச்சைக் குடு. என்னுது அவ்வளவுதான்."

"எண்ணெய் தடவுனியா?"

"வாயைக் கிளறாதே. குடு."

வெர்னா தன் கூடுகளை அமுக்கி முடித்திருந்தாள். அந்த பென்சில்வேனியா கிளப்பில் எதிராளி கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்றைக்கு அவள் முதலிடம், அவன் இரண்டாவது. பதினேழு வருஷமாகக் கூடவே சுடுகிறாள், ஒரு தடவைகூட அவனை ஜெயித்ததில்லை.

"ரெண்டு துப்பாக்கியும் ஒரே ஆள் கடைஞ்சதுதானே? அச்சோட திருகை மாத்த வேணாமில்ல?"

மாற்ற வேண்டும். அவள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை அவனுடையதைவிட மயிரிழை நீளம் என்று கடைசல்காரர் போன மாதம்தான் போனில் சொன்னார். அச்சை அந்த மயிரிழை கீழே இறக்காவிட்டால் அவன் கூடுகள் நீண்டே நிற்கும். அறையை மூடும் போல்ட் இறுகும், ஒவ்வொரு தடவை மூடும்போதும் துப்பாக்கி மணல்மூட்டையில் அசைந்து குறி விலகும்.

"ம்," என்று அச்சை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பி வாங்கினாள், குடிக்கவில்லை. அவன் மேசைப் பக்கம் இரண்டு தடவை போனாள். முதல் தடவை அவன் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை தலையைக் குனிந்து மருந்து நிரப்பிக்கொண்டிருந்தான். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அவன்தான் ஜெயிப்பான் என்றும் அதே பாழாய்ப்போன மனசுதான் சொன்னது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டு மேசை தள்ளி அவன் போல்ட்டை உள்ளங்கையால் அடித்து மூடும் சத்தம் கேட்டது. ஐந்து தடவையும் கேட்டது. அவளுடைய ஐந்து குண்டுகளும் இலக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அவனுடையவை சிதறின.

ஹார்லன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"பின்னிட்டே போ."

"உனக்கு என்ன ஆச்சு?" வெர்னா கேட்டாள்.

"போல்ட் இறுகிக்கிச்சு. அச்சுலதான் ஏதோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. இருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா? என் கைதான், வயசாயிடுச்சு. இனிமே நீ சுடு, நான் உனக்குக் கூடு அமுக்கித் தரேன்."

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அவமானத்தில் கூசிக்கொண்டே எழுந்து நடந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஹார்லன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.