டின் இன்னும் கிளம்பவில்லை

எங்கள் கிணத்துக்கடவு செக்கெண்ணெய்க்கு வட்டார முத்திரை வாங்குவதற்குள் எனக்கு மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது. அந்த முத்திரையை ஒரு போன் பிடுங்கப் பார்த்தால் கோபம் வருமா, வராதா?

முத்திரையோடு பிளாக்செயின் என்று ஒன்றையும் எங்கள் தலையில் கட்டினார்கள். டின் எந்தக் கை மாறினாலும் அந்தக் கைக்காரர் போனில் ஒரு வார்த்தை பேச வேண்டும். அது எழுதிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது. வாங்குகிறவர் டின்மேல் இருக்கும் கியூஆர் கோடைப் போனில் காட்டினால், செக்கிலிருந்து கடைவரை எண்ணெய் வந்த வழி முழுக்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முதல் லோடு, அறுபது டின், காந்திபுரம் கடையில் இறங்கியது. உடனே கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க தெய்வாத்தாக்கா, டின்னு என் கடையில நிக்குது. போனு பாத்தா, அது உங்க செக்குக்கு வந்துச்சு, இன்னும் கிளம்பவே இல்லைங்குது. அப்ப இது டூப்ளிகேட்டுங்களா?"

டூப்ளிகேட்டாம்! அவர் நாக்கில் சூடு வைக்கலாம் போலிருந்தது. சாயங்காலத்துக்குள் கணக்கு நேராகாவிட்டால் முத்திரை ரத்து என்று போனிலும் சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த இன்ஜினியர் அருள்குமார் துடியலூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். லோடு ஏற்றியபோது டிரைவர் காளிச்சாமி பேசியதைப் போட்டுக் கேட்டான்.

"அறுபது டின்னு ஏத்தியாச்சு. வாரேனுங்க்கா."

"இதானுங்க்கா தப்பு!" என்று துள்ளினான். "கிளம்பறப்ப வாரேன்னு சொன்னா, வந்துட்டாருன்னுதான் மிஷின் எழுதும். போறேன்னு சொல்லோணும்."

லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த காளிச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஸ்டியரிங்கப் புடிச்சுட்டுப் போறேன்னு சொல்றதுங்களா? எம் பொண்டாட்டி புள்ளைகள ஆரு பாக்கறது?"

"வெறும் வார்த்தைதானுங்கண்ணா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அப்படியா கண்ணு? உங்கம்மாவுக்குப் போனைப் போட்டு, போறேன்னு மட்டும் சொல்லு. அவங்க சும்மா இருந்தாங்கன்னா காளிச்சாமியும் சொல்லுவாரு."

சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, நான் போறேன்மா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"எங்கடா போறே? அய்யோ, அருளு! அந்த மோகனப்பிரியா வேண்டாம்னு நான் சொன்னதுக்கா? அவளையே கட்டி வெக்கறேன் சாமி! எங்கயும் போயராத! வாரேன்னு சொல்லு கண்ணு!"

அவன் சிரிப்பு நின்றது. கண் மெல்ல விரிந்தது. வாரேன் என்று உடனே சொல்லிவிடுவான் என்று பார்த்தேன். திருட்டுப்பயல், சொல்லவில்லையே!

"ஜாதகம் பாக்கோணும்னீங்க?"

"பாக்கலடா!"

"மாமங்கிட்டக் கேக்கோணும்னீங்க?"

"அவன் கெடக்கறான். சொல்லுடா!"

"வாரேன்மா" என்றான், தேன் ஒழுக.

அப்புறம் லேப்டாப்பை விரித்தான். ஏற்றியவர் 'வாரேன்' என்றால் புறப்பாடு என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தான். பழைய வரியை அழிக்க வழியில்லை. அதன் கீழே ஒரு திருத்தம் சேர்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாலரைக்குக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, கிளம்பிருச்சுங்க! வந்தும் சேந்துருச்சுங்க! வித்துப்போடட்டுங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வித்துப்போடுங்க" என்றேன். "அதுல ஒரு டின்ன மட்டும் எடுத்து வெய்யுங்க. கல்யாண ஊட்டுக்கு வேணும்."