பதினோரு நாள் பிரியாத எண்ணெய்

பாட்டிலை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள் மூத்தவள். "நல்லாப் பாருங்க. பதினோரு நாள் ஆச்சு. பிரியல."

அப்பா பார்த்தார். பேசவில்லை. பேச முடியாமல் ஒன்றுமில்லை. இனி வைத்தியம் இல்லை என்று அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியிருந்தார்கள். வீடு வந்து சேரும்வரை வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. இப்போது மட்டும் மூடிக்கொண்டார்.

பாட்டிலுக்குள் இருந்தது பால் மாதிரி வெள்ளையாக ஒரு கலவை. லேத் பட்டறையில் இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க மேலே ஊற்றுவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அப்பா முப்பது வருஷமாக அதைப் பெட்ரோலிய எண்ணெயில் செய்து விற்றார். வாங்கின பட்டறைகளில் ஒருவன் விரலிடுக்கும் புண்ணில்லாமல் இல்லை. தாவர எண்ணெயில் செய்து காட்டுகிறேன் என்று வேதியியல் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் மூத்தவள். எண்ணெயும் தண்ணீரும் சும்மா ஒட்டி உறவாடிவிடுமா? ஆமணக்கெண்ணெயில் சோப்புக் காய்ச்ச வேண்டும், அதை இளஞ்சூட்டில் எண்ணெயோடு சேர்க்க வேண்டும், பிறகு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அந்த எண்ணெயை அதில் நூல் பிடித்தாற்போல் விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை எண்ணெயில் கொட்டினால் போச்சு. அத்தனையும் ஒழுங்காகச் செய்து சாயங்காலம் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் பார்த்தால் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். இப்படி நாலு வருஷம்.

"என்ன விஞ்ஞானி, இன்னிக்கும் புட்டுக்கிச்சா?" என்று பட்டறைக்காரர்கள் முன்னாலேயே கேட்பார் அப்பா. "உன் பாட்டில் பத்து நாள் நிக்கட்டும். சாவியை உன் கையில குடுத்துட்டு நான் வீட்ல காலை நீட்டி உக்காந்துடறேன்."

அவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார், பாட்டில் நின்றது. மூத்தவளுக்குச் சுருக்கென்றது. முன்பு பிரிந்துபோன ஒரு பாட்டிலின் அடித்தண்ணீரை எடுத்துச் சுண்டக் காய்ச்சினாள். தட்டில் வெள்ளையாகப் படிந்ததை நாக்கில் வைத்தாள். சமையல் உப்பு. சோப்புக் கலவையை உடைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

"உப்புப் போட்டது நீங்கதானே?" என்றாள். "போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடறேன்."

அப்பாவின் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கே அம்மா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கூரையைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டீங்க. பெத்த பொண்ணு வயித்துல அடிச்சிட்டு நிம்மதியாப் போய்ச் சேரலாம்னு பாக்கறீங்க."

"தண்ணி குடு," என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அம்மாதான் மடிப்பதை விட்டுவிட்டு வந்து கொடுத்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு உயிர் போய்விட்டது.

மூத்தவளுக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடக் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டாரே என்று ஆத்திரமாக வந்தது. அம்மாவின் தம்பி, மாமா, உடலை எடுத்துப்போக வண்டிக்கு போன் செய்துகொண்டிருந்தார். அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலம்மா அந்த ஆளு."

"என்னன்னு திறப்பார்?" அம்மா ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "போட்டது நான்."

மூத்தவள் முதலில் சிரித்தாள். "செத்தவரைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா?"

"கதையெல்லாம் இல்ல. மீந்த கலவையைக் கொட்டறதுக்கு முன்னாடி டிரம்முல உப்பு அள்ளிப் போடுவோமே, எண்ணெய் தனியா வர்றதுக்கு. முப்பது வருஷம் டிரம் கழுவினவளுக்கு அது தெரியாதா? உன் பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை போதும்."

"இந்தப் பதினோரு நாளும்..."

"ஆஸ்பத்திரியில அவர் கூடத்தானே கிடந்தேன்."

"ஏம்மா? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"உன் பாட்டில் நின்னா வீட்ல வந்து உக்காந்துடுவேன்னாரே. காலையில எட்டு மணிக்கு அந்த ஆளு கொட்டகைக்குப் போனாத்தான் நான் மூச்சே விடுவேன். சோத்துல குத்தம், நடையில குத்தம், நான் இருமினாக் குத்தம். நாள் பூரா அதை யாரு கேக்கறது? நீ கேப்பியா?"

அம்மாவை அறைய வேண்டும்போல் இருந்தது. மூத்தவள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை கையும் களவுமாப் பாத்துட்டார். ஒண்ணும் சொல்லல. மறுநாள்லருந்து உன்னைக் கிண்டல் பண்றதை ஜாஸ்தியாக்கினார். எனக்காகப் பண்ணாரா, இல்ல அவருக்கும் என்கூட வீட்ல இருக்கப் பிடிக்கலையா, தெரியல. நான் கேக்கவும் இல்ல." அம்மா அடுத்த தம்ளரை எடுத்தாள்.

நாலு வருஷ வெறுப்பையும் ஒன்றுவிடாமல் அவர் தலையில் கொட்டியாயிற்று. ஒரு வாய் தண்ணீர் கேட்ட மனுஷனுக்கு அதையும் கொடுக்கவில்லை. இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை.

"வண்டி வந்துருச்சு," என்று மாமா கூடத்திலிருந்து கூப்பிட்டார். "ஆள் பத்தலம்மா. நீயும் வந்து ஒரு கை புடி."

அவள் போய்த் தலைப்பக்கம் நின்றாள். அப்பா உயரமானவர், உச்சந்தலை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூக்கினார்கள். வாசல் குறுகல். காலை முதலில் வெளியே விட்டு, நடையில் பாதி திருப்பும்போது தலை நிலைப்பக்கம் போனது. அவள் ஒரு கையை உருவித் தலைக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்தாள். விரல் முட்டிகள் மரத்தில் தேய்ந்தன.

"கையை எடும்மா, நசுங்குது," என்றார் மாமா.

"பரவால்ல. நீங்க மெதுவாத் திருப்புங்க."