வெறும் தண்ணீர்க் குப்பி

மாதிரிகள் அத்தனையும் வீண் என்று அக்கா கத்தவில்லை. “இங்க வா” என்று மட்டும் கூப்பிட்டாள். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள்; பகுப்பாய்வு இயந்திரம் அவள் பொறுப்பு. ஆற்றுக்குப் போய் நீரும் வண்டலும் அள்ளி வருவது என் வேலை. திரையில் ஒரு கோடு தரையோடு தவழ்ந்து வந்து, ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல எழும்பி நின்றது.

“இது எந்தக் குப்பின்னு தெரியுதா?”

தெரிந்தது. வெறும் தண்ணீர்க் குப்பி. ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரை ஒரு குப்பியில் கொண்டுபோய், கரையில் திறந்து, மூடி, அப்படியே திரும்பக் கொண்டுவருவோம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அது ஆற்றில் இருந்ததல்ல, நாம் கொண்டுபோனது.

“சேத்துலயும் இதே வாசனைச் சரக்குதான். சோப்பு ஆலைக் கழிவுல வர்றதும் இதேதான். இதுல எது ஆலையோடது, எது உன்னோடதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது? யாரைப் பாக்கக் கிளம்பின, இப்படி மணக்க மணக்க?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ஆனால் இத்தனை மாதங்களில் யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. அது நன்றாக இருந்தது.

“சென்ட் இல்லக்கா. கிரீம்.”

மனைவி தினமும் காலையில் எங்கள் பாப்பாவின் கையில் தடவிவிட்ட கிரீம். இப்போது பாப்பா அதை என் கையில் தடவுகிறாள், விரல் விரலாக, அம்மா செய்த மாதிரியே உதட்டைக் குவித்துக்கொண்டு. ஆற்றுக்குப் போகும் நாளில் கிரீம், கொசு மருந்து எதுவும் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். கையுறை இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் மூடிக்கு அடியில் வைக்கிற அலுமினியத் தாள் கையுறையோடு கிழிபடாது. கழற்றிவிட்டேன்.

“வேண்டாம்னு அவகிட்டச் சொல்ல வாய் வரலக்கா.”

அக்கா திரையிலிருந்து திரும்பினாள். “மதகு என்னைக்குத் திறக்கறாங்க?”

“நாளன்னைக்கு.”

திறந்தால் அடிவண்டல் கலங்கி, வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு ஆலைக்காரர்கள் அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பார்கள். கீழே அந்த ஆற்று மீனைச் சாப்பிடுகிறவர்கள்தான் இந்தச் சோதனையைக் கேட்டிருந்தார்கள்.

“அப்ப நாளைக்கே போ. நடந்ததை நடந்தபடியே மேல நான் சொல்லிக்கறேன்.”

அன்று மாலை குப்பிகளைக் கழுவி ஆய்வகச் சூட்டடுப்பில் காயவைத்தது அவள்தான். அது என் வேலை. ஒவ்வொரு மூடிக்கும் தாளை அளவாக வெட்டி, பொருத்தியும் வைத்திருந்தாள். “கையுறையக் கழட்டின, கையை உடைச்சிடுவேன்” என்றாள்.

நன்றி சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்படியொரு பயம் வந்தே வெகுநாளாகியிருந்தது.

காலையில் பாப்பா கிரீம் புட்டியோடு வந்தாள்.

“இன்னைக்கு வேண்டாம்டா.”

“அம்மா கிரீம் நாறுதா?”

“இல்லடா. ஆத்துல என்ன கலந்திருக்குன்னு சொல்ற மெஷின் ஒண்ணு ஆபீஸ்ல இருக்கு. அது அம்மா கிரீமக் கண்டுபிடிச்சிடுச்சு.”

யோசித்தாள். “அம்மாவோடதுன்னு அதுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுமே.”

என் மனைவி இல்லை, இல்லை என்று எல்லோரும் பக்குவமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அவளுடையது ஒன்று இருக்கிறது என்று சொன்னது அந்த இயந்திரம் மட்டும்தான்.

“அப்ப சாயங்காலம் போடுவேன். ஓடக் கூடாது” என்றாள் பாப்பா.

“ஓடல.”

படகுக்காரர் என்னைப் பார்த்ததும், “அன்னைக்கு அள்ளின சேறு பத்தலையா சார்? வீடு கட்டப் போறீங்களா?” என்றார். சிரிப்பு வந்தது. எனக்கே ஆச்சரியம். கையுறையைக் கழற்றவில்லை. வெறும் தண்ணீர்க் குப்பியைத் திறந்து, மூடினேன். கறுத்த சேறு வாளியில் வழுக்கி விழுந்தது. ஆற்றின் நாற்றம் மட்டும்தான் இருந்தது.

வீடு திரும்பிக் கையைத் தேய்த்துக் கழுவினேன். சோப்பு பட்டதும் வெடிப்புகள் எரிந்தன. பாப்பா ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். புட்டி அங்கே தலைகீழாக நின்றிருந்தது. காலையிலிருந்தே அப்படி வைத்திருக்கிறாளாம்.

“தட்டாதப்பா. தானா வரும்.”

வெயில் பட்ட புட்டிக்குள், ஓரங்களில் ஒட்டியிருந்த வெள்ளை மெதுவாக மூடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.