உடும்பு மொட்டை போட்ட கதை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "கம்ப்யூட்டரைத் திறந்தால் திரும்பின பக்கமெல்லாம் நாத்திகர்கள். தெருவில் இறங்கினால் ஒருத்தரையும் காணோம். எங்கேதான் போகிறார்கள்? எழுதிக் கொடுங்களேன்."

எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

முகம் தெரியாத இடத்தில் மனிதனுக்குத் துணிச்சல் —

அங்கேயே நிறுத்திவிட்டேன். இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தவிர, துணிச்சல் என்று எழுதியதுமே எனக்கு ஹௌராவிலிருந்து சென்னைக்கு வந்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரின் நினைவு வந்துவிட்டது. விஜயவாடா தாண்டும்வரை அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். துணிச்சல், கோழைத்தனம் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று அதில் இருந்தது. அதற்குப் பெயர் தெரியாததால் கட்டுரையை விட்டுவிட்டுக் கதைக்கு வந்தேன். அவருக்குக் குமரவேல் என்று பெயர் வைக்கிறேன். இனி 'அவர்' இல்லை, 'அவன்'. கதைக்குள் வந்தவருக்கு அந்த மரியாதைக் குறைச்சல் உண்டு.

2

குமரவேலுக்கு உடுமலைப்பேட்டை. கல்கத்தா துறைமுகத்தில் பொறியாளர் வேலை. பெஹாலாவில் வாடகை வீடு. மனைவி பிரபா, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மஹிமா.

அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது. புயலடித்துச் சாய்ந்த மரம் மாதிரி இல்லை, [இந்த உவமை வேண்டாம். ரயிலில் அவர் சொன்னதே நன்றாக இருந்தது:] பால்பல் விழுந்த மாதிரி, ஒருநாள் நாக்கால் தடவிப் பார்த்தபோது அங்கே இல்லை.

அவன் ஊர் பஸ் ஸ்டாண்டில் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துக் கடவுள் இல்லை என்பார்கள். கல்கத்தாவிலோ துர்கா பூஜைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே தோழர்கள் சிவப்புத் துணி கட்டிப் புத்தகம் விற்பார்கள். இரண்டு இடத்திலும் அவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவன்தான். வெள்ளிக்கிழமை பூ வாங்கி வருவது அவன் வேலை, விளக்கேற்றுவது பிரபாவின் வேலை. கற்பூரத்தட்டு நீட்டினால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதற்கு நம்பிக்கை எதற்கு, கை இருந்தால் போதும்.

(சின்ன விலகல்: அவன் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில், ஆபீசில், மாமனார் ஊரில், 'நீ நம்புகிறாயா' என்று யாரும் அவனைக் கேட்டதே இல்லை. தேங்காய் வாங்கினாயா என்றுதான் கேட்டார்கள். வாங்கியிருந்தான்.)

முதலில் கேட்டது ஆர்குட் என்ற அந்நாளைய சமூக வலைத்தளம். 2006-இல் ஆபீஸ் நண்பர் ஒருவர் அழைப்பு அனுப்ப, கணக்குத் தொடங்கினான். பெயர், ஊர், பிடித்த உணவு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, மதம் என்ற பெட்டியில் நின்றது. கீழே ஒரு பட்டியல். அதில் நாத்திகர் என்றும் ஒரு வரி. அவன் நெடுநேரம் அதையே பார்த்தான். பிறகு சொடுக்கினான். தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அடுத்த வாரமே கல்கத்தா நாத்திகர்கள் என்ற குழுவில் சேர்ந்தான். அங்கே எல்லோருக்கும் புனைபெயர். அவன் 'உடும்பு'. பிடித்தால் விடமாட்டான். மறுபிறவி, ஜாதகம், பிள்ளையார் பால் குடித்தது என எதையும் விட்டுவைக்கவில்லை. உடும்புக்கு அடுத்தபடி அதிகம் எழுதியவன் 'ஷூன்யோ'. வங்காளியில் பூஜ்யம்.

3

இங்கே நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். நம்பாதவனுக்கு ஒரு சோதனை வைத்தால், கதாசிரியன் கடவுள் பக்கம் சாய்ந்துவிட்டான் என்பீர்கள். வைக்காவிட்டால் கதையே இல்லை. என் திட்டம் எதுவானாலும், நடந்தது இதுதான்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் மஹிமாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. குழந்தைக்கு பி நெகட்டிவ். ஊரே புதுத்துணி போட்டுக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றுகிற, பூஜையின் சஷ்டி நாளில் அந்த வகை ரத்தத்துக்கு எங்கே போவது? துறைமுக நண்பர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை.

குமரவேல் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சைபர் கஃபேக்கு ஓடினான். உடும்பு என்ற பெயரில், ஆனால் தன் சொந்தத் தொலைபேசி எண்ணோடு, குழுவில் எழுதினான்: "என் மகளுக்கு ரத்தம் வேண்டும்."

அவன் சாலையைக் கடந்து திரும்புவதற்குள் போன் அடித்தது.

"நான் ஷூன்யோ பேசறேன். எனக்கு பி நெகட்டிவ். எந்த ஆஸ்பத்திரி?"

ஷூன்யோ வந்தான், கொடுத்தான், போனான். அந்த நேரம் குமரவேல் மருந்துக்கு அலைந்துகொண்டிருந்ததால் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மஹிமா இட்லி கேட்டாள்.

பிரபா அப்போதுதான் சொன்னாள். "ஏங்க, நான் பழனிக்கு ஒண்ணு நேர்ந்துக்கிட்டேன்."

"என்ன?"

"மொட்டை."

"குழந்தைக்கா? சரி, உடம்பு தேறட்டும்."

"குழந்தைக்கு இல்லைங்க. உங்களுக்கு."

உடும்பு என்ன பதில் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீளமாக, எண் போட்டு எழுதியிருக்கும். குமரவேல் பிரபாவின் முகத்தைப் பார்த்தான். ஐந்து நாள் தூங்காத முகம். "பொங்கலுக்குப் போயிடலாம்" என்றான்.

4

ஊர்ச் சொந்தக்காரர்கள் பார்க்க, பழனியில் மொட்டை போட்டுக்கொண்டான். தலையில் சந்தனம் பூசினதும் ஜில்லென்று நன்றாகத்தான் இருந்ததாம். கல்கத்தா திரும்பியபோது குழுவில் ஓர் அறிவிப்பு: இத்தனை நாள் எழுத்தில் மட்டும் பழகியது போதும், சரஸ்வதி பூஜை (வங்காளத்தில் அது தையில் வரும்) முடிந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்திப்போம், ஜாதவ்பூர், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடை.

'ஷூன்யோவும் வருகிறான்' என்று அடியில் இருந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். ஒரு வரைவில் நான் அவனைப் போகவிடவில்லை. அந்த வரைவு ஒரு பக்கத்தோடு செத்துவிட்டது. மகளுக்கு ரத்தம் கொடுத்தவனை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் கடவுளுக்கு நன்றி சொன்ன தலையோடு அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

கல்கத்தாவின் ஜனவரி அவனுக்கு ஒரு வழி காட்டியது. குரங்குக் குல்லா. குளிர் என்ற பெயர் கேட்டாலே ஊரில் பாதிப்பேர் மாட்டிக்கொள்ளும் அந்தக் கம்பளிக் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

குழுவில் நூற்றுக்கணக்கான பேர். டீக்கடையில் ஒரு பெஞ்சு நிறையவில்லை. அறிவிப்பு போட்ட மௌமிதா எதிரே அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி. குழுவில் அவள் பெயர் 'அக்னி'. "மத்தவங்க?" என்று கேட்டதற்குச் சிரித்தாள். "ஒருத்தருக்குப் பொண்ணு பாக்கறாங்களாம். ஒருத்தர் மாமியாரை தட்சிணேஸ்வரம் காளி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்."

(அவர்கள் பேசியது வங்காளியும் ஆங்கிலமும். தமிழாக்கியது நான். குமரவேலை 'குமார்தா' என்று கூப்பிட்டார்கள். அங்கே தா என்றால் அண்ணன்.)

மண் குவளையில் டீ வந்தது. கடை அடுப்பின் சூட்டில் குல்லாவுக்குள் வேர்த்துக் கொட்டியது. "கழட்டுங்களேன் குமார்தா" என்றாள் மௌமிதா. அவன் கழற்றினான்.

ஒருவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். மௌமிதா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எப்போ? அப்பாவா, அம்மாவா?"

வங்காளத்தில் வயதுவந்த ஆண் மொட்டையடித்திருந்தால் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். அதை அவன் மறந்தே போயிருந்தான். எவ்வளவு வசதியான பொய்! அவன் சொல்லக்கூட வேண்டாம், தலையைக் குனிந்தால் போதும். உடுமலைப்பேட்டையில் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பது இவர்களுக்கா தெரியப்போகிறது?

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றான் குமரவேல். "இது கோயில்ல போட்டது. என் பொண்ணு பொழைச்சதுக்கு."

மௌமிதாவுக்கு முகம் சிவந்தது.

"ரத்தம் குடுத்தது ஒரு மனுஷன். டாக்டருங்க மனுஷங்க. நீங்க நன்றியைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிட்டீங்க குமார்தா."

"சரியான விலாசத்துக்கும் சொல்லத்தான் வந்தேன். ஷூன்யோ யாரு?"

பெஞ்சின் கடைசியில், அதுவரை வாயே திறக்காமல் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் கையைத் தூக்கினான். பெயர் சௌமேன். எல்.ஐ.சி.யில் வேலை. தூக்கின கையை அவன் கீழே இறக்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். போன வாரம் எங்க தெருவுல சரஸ்வதி பூஜை. புரோகிதர் வரலை. நான் பூணூல் போட்ட வீட்டுப் பையன். நான்தான் பூஜை பண்ணினேன். அப்புறம் பக்கத்துத் தெருவுலயும்."

"நீயா!" என்றாள் மௌமிதா.

"குழந்தைங்க காலையிலேருந்து பட்டினியா புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நம்பிக்கை இருக்கான்னு யாரும் கேக்கலை. மந்திரம் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு பெஞ்சே சிரித்தது. மௌமிதா சிரிக்கவில்லை. "நாம எல்லாரும் இப்படியே இருந்தா, வெளியில இருக்கிற ஒருத்தருக்கும் நாம இருக்கறதே தெரியாதே" என்றாள். [அவளைக் கடுகடுப்புக்காரியாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் சொன்னது உண்மை.]

குமரவேல் சௌமேனின் கையைப் பிடித்துக்கொண்டான். தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் வரவில்லை. "வீட்டுக்கு வரணும்" என்று மட்டும் சொன்னான்.

5

பிரபா இதைப் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ரத்தம் குடுத்த தம்பியை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க." ஆபீஸ் நண்பர் என்று அவன் சொல்லிவைத்திருந்தான். அதனாலேயே தள்ளிப்போட்டு வந்தான்.

சௌமேன் வந்தான். மஹிமா அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிரபா பருப்பும் ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் டப்பாவைத் திறந்து பழனிப் பஞ்சாமிர்தத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான். "ரொம்ப நல்லா இருக்கு பௌதி" என்றான். பௌதி என்றால் அண்ணி.

அப்போது பிரபா தன் ஹிந்தியில் சாதாரணமாகக் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே செக்‌ஷனா?"

குமரவேல் முந்திக்கொள்வதற்குள் சௌமேன் பதில் சொல்லிவிட்டான். சொல்லி வைத்த பொய் அவனுக்குத் தெரியாது.

"இல்லையே பௌதி. நான் எல்.ஐ.சி. கம்ப்யூட்டர்ல பழக்கம். சாமி இல்லைன்னு நினைக்கிறவங்க பேசிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அங்க இவர்தான் பெரிய ஆள்."

பிரபா கையிலிருந்த ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தாள். சௌமேனை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தை, பிறகு கறுப்பாக முளை விட்டிருந்த அவன் தலையை.

"அப்ப எதுக்குங்க மொட்டை போட்டுக்கிட்டீங்க?"

6

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

முதலாவதில் குமரவேல் விரிவாகப் பேசுகிறான். நம்பிக்கை வேறு, அன்பு வேறு என்கிறான். அது உடும்பின் குரல். வீட்டில் எவனும் அப்படிப் பேசமாட்டான்.

இரண்டாவதில் பிரபாவே சொல்கிறாள்: "எனக்குத் தெரியும்ங்க. நம்பறவங்க தலையைக் குடுக்கறதுல என்ன இருக்கு? நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் உங்களை நேர்ந்துக்கிட்டேன்." எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன். பிரபாவுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவதில் அவளுக்குக் கோபம். "எட்டு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?" அவன், "நீ ஏன் கேக்கலை?" என்கிறான். இது நடந்திருக்கக்கூடும். இதற்குப் பிறகு என்ன என்று என்னால் —

ரயிலில் அவரும் இந்த இடத்தில்தான் நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஏதோ சொன்னேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்த மாதிரியும் இருந்தது.

எனவே அவர்களை அங்கேயே விடுகிறேன். சௌமேன் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது புரிந்து மஹிமாவின் ஓவிய நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான். பிரபா கோபமா இல்லையா என்று தெரியாத முகத்தோடு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நிற்கிறாள். குமரவேல் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். புனைபெயர் இல்லை, எழுதி அழிக்க நேரம் இல்லை.

அவன் சொல்லப்போவதை என்னால் எழுத முடியவில்லை. உங்கள் வீட்டில் உங்களை யாராவது இப்படிக் கேட்டால் எந்தச் சொல்லில் தொடங்குவீர்களோ, அதை அவனுக்குக் கொடுங்கள்.